சோல்டர் அயனைத் தொட்ட பிறகு கிற்றார் வாசிப்பு வளர்ந்ததா, தேய்ந்ததா?

கல்லடிப்பொடியன் | செவ்வாய், இரவு 9.10

இரண்டு வருடமாகக் கிற்றார் பெடல்களை, கிற்றாரின் சத்தத்தை மாற்றும் அந்தக் கால்பெட்டிகளை, நானே செய்கிறேன். இதுவரை ஒன்பது பெட்டி. முதலில் ஒரு ஃபஸ் (சத்தத்தை நன்றாக முறுக்குவது), மறுகா மூன்று ஓவர்டிரைவ் (கொஞ்சமாக முறுக்குவது), ஒரு டிலே (எதிரொலி). மிச்சம் மூடி போடாமல் அலுமாரியில் கிடக்கின்றன.

போன சனிக்கிழமை மச்சானின் பிறந்தநாளுக்கு வாசிக்கச் சொன்னார்கள். மேசையில் ஐந்து பெடலைப் பரப்பி, வயரெல்லாம் கொழுவி, லைட் எரிகிறதா என்று பார்த்து முடிக்கவே முக்கால் மணி நேரம் போனது. அதற்குப் பிறகு ஒரு பாட்டுக்கூட முழுதாக வரவில்லை. இரண்டாவது சரணத்தில் கோர்ட் மறந்துபோய், டிலே குமிழைத் திருகுவதுபோல் நடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு வருடத்துக்கு முன் பன்னிரண்டு பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தவன் நான்.

பெடல் செய்து பார், வாசிப்பு தன்னால் வளரும் என்று இங்கேதான் சொன்னீர்கள். எனக்கு நடந்தது நேர்மாறு. உங்களுக்கு எப்படி? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஈயப்புகை (சாய்ந்தமருது) | 9.48

தம்பி, அப்படிச் சொன்னவன் நான்தான். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

நான் செய்த முதல் பெட்டியும் ஃபஸ்தான். 1966 இல் லண்டனில் வெளிவந்த அந்த வட்டமான ஃபஸ் ஃபேஸின் சர்க்கிட். இரண்டு ட்ரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூன்று கப்பாசிற்றர், இரண்டு குமிழ். மொத்தம் பதினொரு சாமான். அதைச் செய்வதற்கு முன்பு பத்து வருடம் கிற்றார் வாசித்திருக்கிறேன். அந்தப் பத்து வருடமும் கிற்றாரில் இருக்கும் வால்யூம் குமிழ் பத்திலேயே நின்றது. அது எதற்கு இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ஃபஸ்ஸை முடித்து, பெட்டிக்குள் வைக்காமலே மேசையில் பரப்பியபடி வாசித்துப் பார்த்தேன். ஒரே கரகரப்பு. எங்கேயோ பிழை என்று நினைத்து ஒவ்வொரு மூட்டாகத் தட்டிப் பார்க்கும்போது சின்ன விரல் பட்டு வால்யூம் ஏழுக்கு இறங்கிவிட்டது. கரகரப்பு போய், மணி அடித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. காரணம் பிறகுதான் விளங்கியது. அந்தச் சர்க்கிட்டின் உள்ளீட்டு எதிர்ப்பு மிகக் குறைவு. அதனால் அது கிற்றாரின் பிக்கப்பையும் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) வால்யூம் குமிழையும் தன் சர்க்கிட்டோடு சேர்த்து இழுத்துக்கொள்கிறது. குமிழைக் கொஞ்சம் இறக்கினாலே அதன் குணம் மாறிவிடும். நடுவில் ஒரு பஃபர் பெடலைக் கொழுவினால் இந்த உறவு அறுந்துபோகும்.

அன்றைக்குப் பிறகு என் சின்ன விரல் குமிழை விட்டு நகர்ந்ததில்லை. சரணத்துக்கு ஏழு, தனி வாசிப்புக்குப் பத்து. இதை எந்த மாஸ்டரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கொயர்க்காரி | 10.05

ஈயப்புகைக் காக்கா, கேட்க நல்ல கதைதான். ஆனால் வால்யூம் குமிழைத் திருக வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு ஈயம் உருக்க வேண்டியிருந்தது என்றுதானே இதற்கு அர்த்தம்?

கல்லடித் தம்பிக்கு ஒரு கணக்கு. ஒரு பெட்டிக்கு நாற்பது மணி நேரம் என்று வையுங்கள். சாமான் தேடியது, இணையத்தில் சர்க்கிட் பார்த்தது, பிழை பிடித்தது எல்லாம் சேர்த்து. ஒன்பது பெட்டிக்கு 360 மணி நேரம். அந்த 360 மணி நேரமும் மெட்ரோனோமோடு உட்கார்ந்திருந்தால் உங்கள் பன்னிரண்டு பாட்டு முப்பதாகியிருக்கும்.

நேரத்தை விட மோசமானது காது கெடுவது. பெடல் செய்கிற ஆள் பாட்டைக் கேட்பதில்லை, இரைச்சலைத்தான் கேட்கிறார். நத்தார் ஆராதனையில் எங்கள் கொயர் (தேவாலயப் பாடகர் குழு) வாசித்து முடித்ததும் ஒருவர் வந்து, "அம்பிளிஃபயரிலிருந்து 50 ஹேர்ட்ஸ் ஹம் கேட்குது, எர்த்தைப் பாருங்க" என்றார். பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டேன். "எந்தப் பாட்டு?" என்றார்.

ஒன்பது வோல்ட் (அக்கரைப்பற்று) | 10.20

அந்த ஆள் நான் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் கதை வேறு. பழைய றேடியோ ஒன்றிலிருந்து கழற்றிய ஏசி128 ட்ரான்சிஸ்டர் இரண்டைப் போட்டு ஃபஸ் செய்தேன். ஜெர்மேனியம். விடிய எழும்பி வாசித்தால் தேன். பத்து மணிக்குப் பிறகு, வெயில் ஏற ஏற, சத்தம் விக்கி விக்கி வரும். இரண்டாவது ட்ரான்சிஸ்டரின் கலெக்டர் காலில் 4.5 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். எங்கள் ஊர் மத்தியான வெக்கையில் அது எங்கே நிற்கும்? சூடு ஏறினால் ஜெர்மேனியத்தில் ஒழுக்கு மின்னோட்டமும் ஏறிவிடுகிறது.

அதனால் ஆறு மாதமாக விடிய ஐந்தரைக்கு எழும்பி வாசிக்கிறேன். ஃபஸ் ஒழுங்காக வேலை செய்வது அந்த நேரத்தில் மட்டும்தான். உம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, பிள்ளை திருந்திவிட்டான் என்று எல்லோரிடமும் சொல்கிறா. பெடல் செய்ததால் வாசிப்பு கூடியதா என்றால், கூடியது. காரணம் இதுதான்.

ஈயப்புகை | 10.31

8.2 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு ட்ரிம்மர் (திருகி அளவு மாற்றும் ரெசிஸ்டர்) போடு. வெயிலுக்கு ஒரு அளவு, குளிருக்கு ஒரு அளவு வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பிசி108 போட்ட சிலிக்கன் ஃபஸ்ஸுக்கு மாறு, வெக்கை அவ்வளவாகப் பாதிக்காது. அப்புறம் உம்மாவின் சந்தோஷத்துக்கு நான் பொறுப்பில்லை.

தங்கச்சிக்கு: 2022 இல் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் யார் கிற்றாரை அம்பிளிஃபயரில் கொழுவி வாசித்தது? எல்எம்386 சிப் ஒன்று, 9 வோல்ட் பற்றறி ஒன்று, பழைய றேடியோ ஸ்பீக்கர் ஒன்று. அரை வாட் அளவுதான். ஆனாலும் இருட்டில் அதை வைத்துக்கொண்டு தினமும் இரண்டு மணி நேரம் வாசித்தேன். செய்யத் தெரிந்திருந்தபடியால்தான் வாசித்தேன்.

இன்னொன்று. பக்கத்து ஊர் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளார் பழந்தமிழ் யாழ்களைப் பற்றி எழுதிய யாழ் நூல் 1947 இல் அரங்கேறியது. சிலப்பதிகாரத்தைப் படித்ததோடு நிற்காமல் நரம்புக்கும் சுருதிக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தவர். கருவியைப் புரிந்துகொள்வது இசையோடு சேர்ந்த வேலைதான். அதற்கு வெளியே இல்லை.

கொயர்க்காரி | 10.52

அடிகளாரை ஏன் இதற்குள் இழுக்கிறீர்கள் காக்கா? அந்த யாழ்கள் வழக்கொழிந்து எத்தனையோ நூற்றாண்டாகிவிட்டன, எப்படி ஒலித்தன என்று கேட்டுச் சொல்ல ஒருவரும் இல்லை. அதனால் அவர் கணக்குப் போட்டார். உங்களுக்குக் கிற்றார் மடியிலேயே இருக்கிறது. எடுத்து வாசிக்க வேண்டியதுதானே?

2022 கதையை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அது தேவைக்குச் செய்தது.

ஒன்பது வோல்ட் | 11.04

அக்கா, குயீன் குழுவின் கிற்றார்காரர் பிரையன் மேயைப் பாருங்கள். பள்ளிக்கூடப் பொடியனாக இருக்கும்போது, 1963 இல், தகப்பனோடு சேர்ந்து கிற்றார் செய்யத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய கணப்பு அடுப்பின் மேல்சட்டப் பலகை. இன்றுவரை பெரும்பாலும் அதைத்தான் வாசிக்கிறார். செய்தவன் வாசிக்க மாட்டான் என்று எப்படிச் சொல்வது?

கொயர்க்காரி | 11.09

அவர் ஒரு கிற்றார் செய்தார். செய்து முடித்ததும் அயனைக் கீழே வைத்துவிட்டு அதை வாசித்தார். ஒன்பது கிற்றார் செய்து, நாலை மூடி போடாமல் அலுமாரியில் வைக்கவில்லை.

ஜிமி ஹென்ட்ரிக்ஸையும் பாருங்கள். அவருடைய ஒக்டேவியா பெடலைச் செய்தவர் ரோஜர் மேயர். செய்தவர் ஒருவர், வாசித்தவர் இன்னொருவர்.

கல்லடிப்பொடியன் | புதன், காலை 6.30

நாலு இல்லை அக்கா, மூன்று. ஒன்றுக்கு நேற்றிரவு மூடி போட்டுவிட்டேன்.

(தெரியும், தெரியும்.)

எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொன்னால் பொய். இரண்டாவது ஓவர்டிரைவ் அந்தப் பச்சை நிற டியூப் ஸ்க்ரீமரின் சர்க்கிட். அதில் 4.7 கிலோ ஓமும் 0.047 மைக்ரோஃபாரட்டும் சேர்ந்து 720 ஹேர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டு போகும். அதனால்தான் தடித்த கம்பிகள் மெல்லிய கம்பிகள் அளவுக்கு முறுகுவதில்லை. எனக்குத் தடித்த சத்தம் வேண்டும் என்று 0.1 மைக்ரோஃபாரட் போட்டேன். எல்லை 339 ஹேர்ட்ஸுக்கு இறங்கியது. ஆறாவது கம்பியைத் தொட்டால் சேற்றுக்குள் கால் வைத்த மாதிரி. அதைச் சமாளிக்க வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கிற்றாரின் பாலத்தில் வைத்துக் கம்பியை அமத்தி அமத்தி வாசித்தேன். இரண்டு மாதம் போன பிறகு பார்த்தால், பெடல் இல்லாமலே என் தாளம் சுத்தமாகியிருக்கிறது.

டச்பார் மைனர் | காலை 7.15

மனே, இரண்டு மாதம் போட்டு நீ படித்தது "கம்பியை அமத்து" என்கிற ஒரு வசனம். சித்தப்பா எனக்கு அதைச் சொல்லித் தந்தது முழங்கையில் ஒரு தட்டுத் தட்டி. இரண்டு விநாடிக்கு மேல் எடுக்கவில்லை.

நாங்கள் பறங்கி ஆட்கள், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழி வந்தவர்கள். சுனாமிக்கு முன் மட்டக்களப்பு டச்பாரில் இருந்தோம், இப்போது திராய்மடு. அப்பா வயலின், சித்தப்பா மன்டலின், நான் கிற்றார். கலியாண வீட்டில் எங்கள் கப்ரிஞ்ஞா ஆட்டம் தொடங்கினால் ஆறுக்கு எட்டுத் தாளத்தில் கை நிற்காமல் ஓட வேண்டும். ஆடுகிறவர்களின் காலைப் பார்த்துக்கொண்டே வாசிப்போம். கால் தடுக்கினால் பிழை எங்கள் கையில்தான். அந்த இடத்தில் எந்தப் பெட்டி வந்து உன்னைக் காப்பாற்றும்?

ஆனாலும் ஒன்றை ஒளிக்க மனமில்லை. வாலிப வயதில் நானும் ஒரு வேலை பார்த்தேன். பழைய தொலைபேசிக் குழலில் காது வைக்கும் பக்கத்தைக் கழற்றி, கிற்றாரின் வயிற்றில் ஒட்டி, வீட்டு றேடியோவின் பின்பக்கம் கொழுவினேன். வயலினும் றபானா மேளமும் முழங்க முழங்க, பின்வரிசையில் என் கிற்றார் ஒருவருக்கும் கேட்காது, அதுதான் காரணம். றேடியோ கிழிந்த சத்தம் போட்டது. சனம் அதற்கும் ஆடியது. அப்பா மட்டும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, அது அவருடைய றேடியோ.

அதற்குப் பிறகு நான் இன்னொன்று செய்யவில்லை. கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்தேன், கேட்டது, முடிந்தது.

ஈயப்புகை | 8.02

அங்கிள், நீங்கள் யாருடைய பக்கம்?

டச்பார் மைனர் | 8.10

றேடியோவின் பக்கம்.

ஈயப்புகை | 8.40

சரி, கொஞ்சம் இறங்கி வருகிறேன். தம்பியின் பிரச்சினை பெடல் செய்தது இல்லை. ஒன்று முடிந்ததும் அதை வாசிக்காமல் அடுத்ததற்குப் போனதுதான். ஃபஸ்ஸோடு நான் ஒரு வருடம் இருந்தேன். இரண்டாவது பெட்டியை அதற்குப் பிறகுதான் தொட்டேன்.

ஆனால் தங்கச்சி சொல்லும் அந்தக் "கெட்டுப்போன காது" இருக்கிறதே, அதை நான் விட மாட்டேன். கல்லடியில் ஒரு பக்கம் வாவி, மற்றப் பக்கம் கடல். உப்புக் காற்றில் ஜக் பச்சை பிடிக்கும், குமிழ் கரகரக்கும். மேடையில் சத்தம் விட்டுவிட்டு வந்தால் பெடல் செய்தவன் எந்த வயர் என்று உடனே சொல்வான், அடுத்த பாட்டுக்குள் சரியாகிவிடும். மற்றவன் சவுண்ட்காரனைத் தேடி ஓடுவான். போன வருடம் ஒரு நிகழ்ச்சியில் உங்கள் கொயருக்கே நான் ஜக் மாற்றித் தந்தது ஞாபகமில்லையா?

கொயர்க்காரி | 9.00

ஞாபகம் இருக்கிறது காக்கா. நீங்கள் மாற்றிக்கொண்டு இருந்தீர்கள், நாங்கள் பாடிக்கொண்டு இருந்தோம். நான் சொல்வதும் அதைத்தான்.

கல்லடித் தம்பி, ஒரு மாதம் அயனைப் பூட்டி வைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். ஒரே ஒரு பெடல். எதுவென்று நீங்களே முடிவெடுங்கள்.

கல்லடிப்பொடியன் | ஞாயிறு, இரவு 8.25

ஃபஸ்ஸை வைத்துக்கொண்டேன். மிச்சம் எல்லாம் ஒரு உரைப்பையில் கட்டி, கட்டிலுக்குக் கீழே. நாலு நாளாக அயனைத் தொடவில்லை, சத்தியமாக.

ஆனால் ஒரு சிக்கல். இரவானால் ஃபஸ்ஸில் ஏதோ வானொலி பிடிக்கிறது. நான் பாட்டை நிறுத்தினால் யாரோ செய்தி வாசிக்கிறார்.

ஈயப்புகை | 8.31

உள்ளீட்டிலிருந்து எர்த்துக்கு 100 பிகோஃபாரட் ஒன்று. ஐந்து நிமிட வேலை.

கொயர்க்காரி | 8.33

ஐந்து நிமிடம்!

கல்லடிப்பொடியன் | இரவு 10.20

முடித்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் எடுத்தது, கப்பாசிற்றர் கைதவறி விழுந்து கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. வானொலி போய்விட்டது. பன்னிரண்டில் நாலு பாட்டு திரும்பி வந்திருக்கிறது. ஐந்தாவதுக்கு இன்னும் இரண்டாவது சரணத்தில் கோர்ட் ஞாபகம் வருகுதில்லை.