புதுப்பிப்பு: மூன்றாம் வகுப்பின் கணக்குச் சராசரி ஏன் இறங்கியது? காரணம் தெரிந்துவிட்டது

எங்கள் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பின் கணக்குச் சராசரி, தரப்படுத்தப்பட்ட தேர்வில் போன ஆண்டைவிட இறங்கிவிட்டது, நான் பாடம் நடத்தும் விதத்தில் கோளாறா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"வகுப்போடு வகுப்பை ஒப்பிடாதீர்கள், அதே பிள்ளைகளின் பழைய முடிவைப் பாருங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் முடிச்சை அவிழ்த்தது. போன ஆண்டு எழுதியவர்கள் வேறு பிள்ளைகள். இவர்களின் இரண்டாம் வகுப்பு முடிவை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலோரின் சதமானம் (தேர்வெழுதிய சக வயதினரில் நூற்றுக்கு எத்தனை பேரைவிட மேலே இருக்கிறார்கள் என்ற கணக்கு) கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கிறது. அதாவது சக வயதினரோடு சேர்ந்தே வளர்ந்திருக்கிறார்கள். வகுப்பில் 22 பேர்தான் என்பதும் முக்கியம்: ஒரே ஒரு பிள்ளை 44 மதிப்பெண் குறைவாக எடுத்தால் போதும், சராசரி 2 இறங்கிவிடும்.

எதிர்பாராத விஷயம், கேள்விவாரியாகப் பார்த்தபோது வந்தது. கூட்டல், கழித்தல் எல்லாம் சரி. தவறுகள் குவிந்தது நீளமான சொற்கணக்குகளில். அப்படிப்பட்ட கணக்குகளை நான் உரக்கப் படித்துக் காட்டியதும், தடுமாறிய பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் சரியாகப் போட்டார்கள்! சிக்கல் வாசிப்பில் இருந்திருக்கிறது. கணக்கு மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

மாதிரித் தேர்வுகளை அடுக்கும் யோசனையை விட்டுவிட்டேன். இப்போது தினமும் ஒரு சொற்கணக்கைச் சேர்ந்து படிக்கிறோம்; என்ன கேட்கிறார்கள் என்று பிள்ளைகள் சொந்த வார்த்தையில் சொன்ன பிறகுதான் பென்சில்.