ஆன்டி-ரோல் பாருக்கு என் பரிந்துரை: சாய்வடக்கி

வணக்கம் நண்பர்களே,

வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்க இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்டி-ரோல் பார் என்ற எஃகுத் தண்டுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று மூன்று நாளாக எல்லாரும் சொன்ன கருத்தையும் படித்துவிட்டு, பட்டறை வேலை முடிந்து இன்றுதான் எழுத உட்கார்ந்தேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வண்டிப் பாகங்களின் சொற்பட்டியல் ஒன்று தயாராகிறது. பிரேக், கியர் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். ஆனால் ஆன்டி-ரோல் பார் என்ன செய்கிறது என்பது பெயரிலேயே தெரியாவிட்டால், பிள்ளைகள் அதைத் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள். அதனால் இந்த ஒன்றை விட எனக்கு மனமில்லை.

டோங்காட் அண்ணன் சொன்ன ‘உருள் எதிர்ப்புத் தண்டு’ என் காதில் ஒட்டவில்லை, அண்ணா. உருள்வது சக்கரம். வண்டி உருண்டது என்றால் பள்ளத்தில் விழுந்துவிட்டது என்றுதான் வீட்டில் பதறுவார்கள். வளைவில் நடப்பது வேறு: வண்டியின் உடல் வெளிப்பக்கமாகச் சாய்கிறது. மொரீஷியஸ் அக்கா சொன்னதும் இதற்குத்தான் பொருந்துகிறது: பிரெஞ்சில் ‘ரூலி’ என்பது கப்பலின் பக்கவாட்டு ஆட்டம். காருக்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். படகு ஒரு பக்கம் போனால் நாம் ‘சாயுது’ என்றுதானே சொல்கிறோம்? ஆகவே ரோல் என்பதற்குச் சாய்வு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்து ‘நிலைப்படுத்தி’. இங்கே பட்டறைகளில் ஸ்டெபிலைசர் என்றுதான் சொல்கிறோம், அதன் நேர்த்தமிழ் என்று பலர் இதை விரும்புகிறீர்கள். நான் எதிர்ப்பது இதைத்தான். போன மாதம் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தம்பி சிட்டி கோல்ஃப் என்ற ஃபோக்ஸ்வேகன் காரைக் கொண்டுவந்தான். 1984 முதல் 2009 வரை யூட்டன்ஹேக் ஆலையில் செய்த வண்டி, எங்கள் ஊர்ப் பையன்களுக்கு உயிர். ‘ஸ்டெபிலைசர் தடியாக இருந்தால் வண்டி ஸ்டெடியாக நிற்கும்’ என்று யாரோ சொன்னதை நம்பி, முன்பக்கம் தடித்த தண்டு போட்டிருந்தான். வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப, வண்டி மூக்கைத் திருப்பாமல் வெளியே போகிறது. அதே தடிமனைப் பின்பக்கம் போட்டிருந்தால் வால் வீசியிருக்கலாம். பெயர் ஒரு வாக்குறுதி கொடுத்தது, பையன் அதை நம்பிவிட்டான்.

ஏன் அப்படி ஆகிறது? வளைவில் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு எடை மாறும். மொத்தம் எவ்வளவு மாறும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பவை வண்டியின் எடைமைய உயரமும், சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலமும், வளைவை எடுக்கும் வேகமும்தான். தண்டு அந்த மொத்தத்தைக் குறைப்பதில்லை. அதில் முன்னச்சுக்கு எத்தனை பங்கு, பின்னச்சுக்கு எத்தனை பங்கு என்பதைத்தான் மாற்றுகிறது. டயர் மேல் எடை ஏற ஏற, அதே விகிதத்தில் பிடிப்பு ஏறாது. எனவே எந்த அச்சின் தண்டை விறைப்பாக்குகிறோமோ, அந்த அச்சு முன்பைவிடச் சீக்கிரம் பிடி விடுகிறது. சாய்வு குறையும், அது உண்மை. நிலைத்தன்மை கூடுமா என்பது தனிக் கேள்வி.

வகுப்பில் ஒரு கம்பி ஹேங்கரை நிமிர்த்தி, ‘ப’ வடிவில் வளைத்துக் காட்டினேன். நடுப்பகுதியை ஒரு பிள்ளை இரண்டு விரல் வளையத்துக்குள் தளர்வாகப் பிடித்துக்கொண்டது. கம்பியின் இரண்டு முனையையும் சேர்ந்தாற்போல் தூக்கினால் கம்பி சும்மா சுழல்கிறது. ஒரு முனையை மட்டும் தூக்கினால் முறுக்கிக்கொண்டு எதிர்க்கிறது, மறு முனையையும் கூடவே இழுக்கிறது. வேகத்தடையில் இரு சக்கரமும் ஒன்றாக ஏறும்போது தண்டு ஏன் தலையிடுவதில்லை என்பது அவர்களுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. குண்டும் குழியுமான சாலையில் ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால், தடித்த தண்டு போட்ட வண்டி ஏன் தலையை ஆட்டுகிறது என்பதும் அதே கம்பியில்தான் தெரிந்தது.

அதாவது தண்டும் ஒரு ஸ்பிரிங்தான். அதனால்தான் ஃபீனிக்ஸ் தம்பி ‘சாய்வில்’ என்று சொன்னபோது மனம் துள்ளியது. சாய்வுக்கான வில், எவ்வளவு அழகு! ஆனால் ‘சாய்வில் தேய்ந்துவிட்டது’ என்று எழுதிப் பாருங்கள், தம்பி. ஏதோ ஒரு சரிவில் வைத்து எதுவோ தேய்ந்தது போலப் படுகிறது. வேற்றுமை உருபு சொல்லை விழுங்கிவிடுகிறது. மனசில்லாமல்தான் விட்டேன்.

அப்புறம் ஸ்டிஃப்னஸ். பட்டியலில் ‘கடினத்தன்மை’ என்று இருக்கிறது, அதைக் கட்டாயம் மாற்ற வேண்டும். எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தோய்த்தால் கடினத்தன்மை ஏறும், அதிக விசை தாங்கும்; ஆனால் அதே அளவு வளைக்கத் தேவையான விசை ஏறக்குறைய மாறாது. கீறலைத் தாங்குவது கடினத்தன்மை, வளைய மறுப்பது விறைப்பு. ஒரே எஃகு என்றால் விறைப்பு வடிவத்தைப் பொறுத்தது. 20 மி.மீ. தண்டுக்குப் பதில் 22 மி.மீ. போட்டால் தடிமன் 10 சதவீதம்தான் கூடுகிறது, முறுக்கு விறைப்போ சுமார் 46 சதவீதம் எகிறுகிறது. விட்டத்தின் நான்காம் படி கணக்கு. சுருள்வில்லில் ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம் கூடும். வண்டியைத் தாழ்த்தத்தான் வெட்டினேன் என்று சொல்லும் பையன்களுக்கு இது தெரிவதே இல்லை.

ஆகவே என் பரிந்துரை: தண்டுக்குச் ‘சாய்வடக்கி’, அது சாய்வை எதிர்க்கும் அளவுக்குச் ‘சாய்வு விறைப்பு’. அடக்கி என்றால் முழுக்க நிறுத்திவிடும் என்று பொருளாகாதா என்று அக்கா கேட்டிருந்தீர்கள். ஒலியடக்கி போட்ட வண்டி ஊமையாகிவிடுவதில்லையே, அக்கா. சத்தம் குறைகிறது, அவ்வளவுதான். பேச்சிலும் நன்றாக உட்காருகிறது: ‘முன் சாய்வடக்கியோட புஷ் தேஞ்சு போச்சு’ என்று நேற்று பட்டறையில் சொல்லிப் பார்த்தேன், நாக்கு தடுக்கவில்லை.

கோல்ஃப் வண்டியின் பின்னச்சு மட்டும் பாக்கி இருக்கிறது. இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் அந்தக் குறுக்கு விட்டமே முறுக்கிக்கொண்டு சாய்வடக்கியின் வேலையில் ஒரு பங்கைச் செய்கிறது. அதற்கு ‘முறுக்கு விட்டம்’ என்று எழுதினேன். ஆனால் மேலே நானே ‘விட்டத்தின் நான்காம் படி’ என்று எழுதியிருக்கிறேன், பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். ‘முறுக்குத் தூலம்’ சரியாக இருக்குமா, அண்ணா?