தண்ணீர் வந்தது, ஆனால் சொன்னபடி செய்யவில்லை

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். விசைப்படகுகளுக்கு இன்ஜின் வேலை பார்ப்பவன்.

அப்பாவின் ஃபைபர் படகை விற்றபோது அண்ணனுக்குச் சேரவேண்டிய பங்கை நான் முழுசாகக் கொடுக்கவில்லை. இன்ஜினை இத்தனை வருஷம் பார்த்தது நான்தானே என்று கணக்குச் சொல்லி 40,000 ரூபாய் பிடித்துக்கொண்டேன். ஆறு வருஷம் பேச்சே இல்லை. அண்ணன் எண்ணூர் பக்கம் குடிபோய்விட்டார்.

போன வருஷம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில்தான் நிற்கும். எங்களுக்கு அப்போதுதான் வேலை, கையில் காசும் புழங்கும். ஒருநாள் காலை ஜெபத்தில் மத்தேயு 5:24 வந்தது: "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து." நெஞ்சில் குத்தியது. அன்றைக்கே 40,000-ஐ ஜிபேயில் அனுப்பினேன். அண்ணன் பெயருக்குக் கீழே பச்சை டிக் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுவிட்டு, கர்த்தர் சொன்னதைச் செய்தாயிற்று என்று நிம்மதியாக இருந்தேன்.

சில வாரம் கழித்து வேதத்தில் எண்ணாகமம் 20 வாசித்தேன். வனாந்தரத்தில் ஜனங்கள் தண்ணீர் இல்லாமல் மோசேயோடு வாதாடுகிற பகுதி. முன்னே ரெவிதீம் என்ற இடத்தில் கன்மலையை, அதாவது பாறையை, அடி என்றுதான் தேவன் மோசேக்குச் சொன்னார், அது யாத்திராகமம் 17. காதேசில் சொன்னது வேறு: கன்மலையைப் பார்த்துப் பேசுங்கள். பழைய பழக்கமோ, ஜனங்கள் மேல் இருந்த கோபமோ, மோசே கோலால் இரண்டு தரம் அடித்தார். தண்ணீர் வராமல் போகவில்லை, திரளாகவே வந்தது. சபையார் குடித்தார்கள், மிருகங்களும் குடித்தன. ஆனாலும் சொன்னபடி செய்யாததால், தேவன் வாக்குக்கொடுத்த கானான் தேசத்துக்குள் மோசே போகவில்லை. எத்தனையோ தடவை வாசித்த பகுதிதான். அன்றைக்கு அந்தத் தண்ணீரில்தான் என் கண் நின்றது. காரியம் நடந்துவிட்டதால், சொன்னபடி செய்தேன் என்று ஆகிவிடுமா? மத்தேயுவைத் திரும்ப எடுத்தேன். அதே வசனத்தின் முன்பாதியில் "வைத்துவிட்டுப்போய்" என்று இருந்தது. நான் போகவே இல்லை. பணத்தை அனுப்பினேன்.

அன்று சாயந்தரமே ஷேர் ஆட்டோ பிடித்தேன். அண்ணன் வாசலில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்து, பொத்தல் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஊசி நின்றது.

"துட்டு வந்துச்சுடா. நீதான் வர்ல."

"எம்மேலதான் தப்புண்ணே" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. அண்ணி டீ கொண்டுவந்து வைத்தார். வலையின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

*

பிரதர், வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் சாட்சியைப் படித்ததும் அழுதுவிட்டேன். என் மகன் பிளஸ் டூ படிக்கும்போது ராத்திரியெல்லாம் போனும் கையுமாக இருந்தான். ஜெபத்தில், அவனோடு உட்கார்ந்து பேசு என்று தெளிவாக உணர்த்தப்பட்டேன். நான் பேசவில்லை. போனைப் பிடுங்கி, கத்தி, துடைப்பத்தால் இரண்டு அடியும் வைத்தேன். படித்தான், பாஸும் பண்ணினான். சபையில் சாட்சிகூடச் சொன்னேன். என்னோடு பேசுவதை மட்டும் அவன் நிறுத்திவிட்டான். இப்போது வேலைக்குப் போகிறான், இரண்டு வருஷம் ஆகிறது. நேற்று ராத்திரி சாப்பிடும்போது அவனாகவே "ரசத்துல உப்பு கம்மிமா" என்றான். இன்றைக்கு அவன் வந்ததும் உட்கார்ந்து பேசப்போகிறேன். ஜெபித்துக்கொள்ளுங்கள்.