35 ஆயிரத்துக்குள்ள லேப்டாப்: தறிக்கூடத்துல வெச்சுக் கணக்கு பார்க்கத் தாங்குமாங்க?

சென்னிமலை_அக்கா:
வணக்கமுங்க. சென்னிமலைப் பக்கம் எங்களுக்குத் தறி இருக்குதுங்க, பெட்ஷீட் ஓட்டறோம். டேலி (கணக்கு எழுதற சாப்ட்வேர்), எக்செல், மாசாமாசம் ஜிஎஸ்டி, பையனோட காலேஜ் அசைன்மென்ட், இவ்வளவுதான் சோலி. ஈரோட்டுல ஒரு கடையில 26 ஆயிரத்துக்கு ஒண்ணு காட்டினாங்க: செலரான் ப்ராசசர், 4 ஜிபி ரேம், 128 ஜிபி. "உங்களுக்கு இதே எச்சுங்கக்கா"ங்கறான் கடைத்தம்பி. 35 வரைக்கும் போடலாம், அதுக்கு மேலன்னா வீட்டுக்காரரு ஒத்துக்க மாட்டாரு. இதை வாங்கலாமா, இல்லை பழசு எதாச்சும் பார்க்கலாமா?

கோவை_99:
பழசுன்னா 8-வது தலைமுறை இன்டெலுக்குக் கீழ தொடாதீங்க. விண்டோஸ் 11 அதுக்கு முறையா ஏறாது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோட சப்போர்ட் முடிஞ்சுது. திங்க்பேட் டி480 நல்ல நெலைமையில கெடைச்சா எடுங்க, ரேம் போட ரெண்டு ஸ்லாட் இருக்குது.

திருப்பூர்_பில்புக்:
அக்கா, அந்த 26 ஆயிரத்து மெசினை விட்டுருங்க. நான் ஒரு பனியன் கம்பெனியில கணக்கு பார்க்கறேன். விலை கம்மி லேப்டாப்லதான் தினமும் உக்காந்திருக்கேன்: ஐ3 1215யு, 8 ஜிபி, 512 எஸ்எஸ்டி. டேலி பட்டுனு தொறக்குது. நம்ம வேலைக்கு இந்த ப்ராசசரே தாராளம், ஐ5-க்குக் காசு கொட்ட வேண்டியதில்லை.

இடிக்கறது ரேம்தான். 11-ந்தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ந்தேதி 3பின்னு மாசாமாச ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடறப்ப குரோம்ல வரிசையா டேப், டேலி, எக்செல், பார்ட்டிக்குப் பில் அனுப்ப வாட்ஸப் வெப், எல்லாம் ஒண்ணாத் தொறந்து கெடக்கும். 8 ஜிபியே அதுல நெறைஞ்சிரும். விண்டோஸ் 11 கேக்கற கொறைஞ்சபட்சமே 4 ஜிபி ரேம். அப்ப உங்களுக்குன்னு மிச்சம் என்ன இருக்கும்?

அதனால கடையில மொதல்ல கேக்க வேண்டியது, ரேமுக்குக் காலி ஸ்லாட் இருக்குதான்னு. ரைசன் 3 7320யு ப்ராசசர் போட்ட மாடல் இந்த விலையில நெறைய வரும். நெம்பரைப் பார்த்தா புதுசு, உள்ள இருக்கறது ஜென் 2-ங்கற பழைய டிசைன் கோர். ரேமும் போர்டோட சோல்டர் பண்ணி ஒட்டினது, 8 வாங்கினா கடைசி வரைக்கும் 8 தான். என்னுதுல காலி ஸ்லாட் இருந்துச்சு, இன்னொரு 8 போட்டேன். அப்பறம் 20-ந்தேதியும் மத்த நாள் மாதிரிதான் போகுது.

திரை சுமார்தான், ஒத்துக்கறேன். நேரா உக்காந்து பார்த்தா ஒண்ணுமில்லை. மொதலாளி பக்கத்துல வந்து நின்னு எட்டிப் பார்த்தா எக்செல்ல நான் போட்ட மஞ்சக் கலர் அவருக்கு வெள்ளையாத் தெரியுது, "எங்கப்பா குறிச்சிருக்கே"ங்கறாரு. டிஎன்-ங்கற விலை கம்மி ரகத் திரை அப்படித்தான். பக்கவாட்டுல பார்த்தாலும் கலர் மாறாத ஐபிஎஸ் ரகம்னு எழுதியிருந்தா ரெண்டாயிரம் எச்சானாலும் குடுத்துருங்க. 250 நிட்ஸ் வெளிச்சம்னு போட்டிருந்தா வாசல்ல வெச்சுப் பார்க்க முடியாது, வெயில்ல உங்க மூஞ்சிதான் தெரியும்.

இன்னொண்ணு, நெம்பர் பேடு, கீபோர்டுல வலப்பக்கம் தனியா இருக்கற நெம்பர் பட்டனுங்க. 14 இன்ச்சுல அது வராது, 15.6-ல பெரும்பாலும் வரும். வவுச்சர் போடறவங்களுக்கு அது இல்லாட்டி கை ஒடிஞ்ச மாதிரி. மேல கோவைக்காரர் சொன்ன டி480-யும் 14 இன்ச்தான், அதையும் பார்த்துக்குங்க.

பேட்டரி, கேமரா, ஸ்பீக்கர் எல்லாம் இந்த விலைக்கு என்ன இருக்குமோ அதுதான்.

சர்வீஸ்_சோமனூர்:
தறிக்கூடத்துல வெக்கறதுன்னு சொன்னீங்க, அதை யாரும் கவனிக்கலையே. எங்கிட்ட வர்ற லேப்டாப்புல பாதி "சூடாகுது, ஸ்லோவாகுது"ன்னுதான் வருது. கீழ்மூடியைக் கழட்டினா ஃபேனுக்கும் சூட்டை வெளிய தள்ளற ஹீட்சிங்க் தகட்டுக்கும் நடுவுல பஞ்சு கம்பளித்துண்டு கணக்கா அப்பி நிக்கும், நகத்துல புடிச்சு இழுத்தா முழுசா உரிஞ்சு வரும். காத்து போக வழியில்லாம ப்ராசசர் தானா வேகத்தைக் கொறைச்சுக்கும். ஜனங்க மெசின் பழசாயிருச்சுன்னு நெனைச்சுப் புதுசு வாங்கிப்போடறாங்க. அந்த செலரானுக்கு ஒரு நியாயம் சொல்லணும்னா, அது 6 வாட்டு சிப்பு, பல மாடல்ல ஃபேனே கெடையாது, பஞ்சு பிரச்சினை இல்லை. ஆனா டேலியும் குரோமும் சேர்ந்து ஓடணும்னா திருப்பூர்த் தம்பி சொல்றதுதான் சரி. ஐ3 எடுங்க, தறி ஓடற எடத்தை விட்டுத் தள்ளி, ரூம்ல மேசை மேல வெச்சுக்குங்க. மெத்தை, பெட்ஷீட் கட்டு மேல வேண்டாம்.

சென்னிமலை_அக்கா:
ரொம்ப நன்றிங்க. ஈரோட்டுலயே வேற கடையில ஐ3, 8 ஜிபி, ஒரு ஸ்லாட் காலி, 15.6 இன்ச் 34 ஆயிரத்துக்கு இருக்குதாம். பொட்டி மேல எஸ் மோடுன்னு என்னமோ போட்டிருக்குதுன்னு பையன் சொல்றான், அது பரவால்லீங்களா?

திருப்பூர்_பில்புக்:
பரவால்லீங்க்கா. எஸ் மோடுல ஸ்டோர்ல இருக்கற ஆப் மட்டுந்தான் ஏறும், டேலி ஏறாது. செட்டிங்ஸ்ல ஆக்டிவேஷன் பக்கம் போய் அதை விட்டு வெளிய வந்துருங்க, காசு கேக்காது. திரும்ப எஸ் மோடுக்குப் போக முடியாது, நமக்கு அது வேண்டியதும் இல்லை. வாங்கறதுக்கு முன்னாடி திரையைப் பக்கவாட்டுல நின்னு ஒருக்காப் பார்த்துருங்க.