கேட் மூடுவதற்குள்

குழு: நம்ம குடும்பம்
தை மாதம், சனிக்கிழமை

தம்பி, மாலை 6.12
யாரும் பதற வேண்டாம். நானும் அம்மாவும் வலங்கைமான் கோயிலுக்குப் போகும் வழியில் வண்டியோடு விழுந்துவிட்டோம். நீடாமங்கலம் தாண்டி, வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில். அம்மாவுக்கு இடது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. ஆட்டோவில் மன்னார்குடி அரசு ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிறோம்.

நான், 6.13
அம்மா ஹெல்மெட் போட்டிருந்ததா?

தம்பி, 6.14
போட்டிருந்தது அக்கா. தலையில் அடி இல்லை.

தம்பி, 6.38
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கிறோம். திறந்து ஐந்து நிமிடம் ஆகிறது, நகர முடியவில்லை. இந்தப் பக்கம் வலதிலும் ஒரு வரிசை போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கமும் அப்படியே. நேருக்கு நேர் முட்டிக்கொண்டு ஹாரன் அடிக்கிறார்கள். அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது.

பெரியப்பா, 6.40
என்னடா இது கொடுமை. நான் கிளம்பி வருகிறேன்.

தம்பி, 8.25
எக்ஸ்ரே எடுத்தாயிற்று. எலும்பில் கீறல். மாவுக்கட்டு போட்டார்கள். முழங்கைச் சிராய்ப்பில் நெல் ஒட்டியிருந்தது, நர்ஸம்மா ஒவ்வொன்றாக எடுத்தார்.

நான், 8.26
நெல்லா?

தம்பி, 8.31
ஆமாம். எதிரில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர். ரோட்டை அடைத்துக்கொண்டு மெதுவாக வந்தது. அதன் பின்னாலிருந்து ஒரு பஸ் திடீரென்று வெளியே வந்தது, பாலத்தை ஒட்டி. கேட் மூடுவதற்குள் தாண்டிவிட வேண்டும் என்ற அவசரம். லைட்டைப் போட்டு என்னை ஒதுங்கச் சொல்கிறான். எங்கே ஒதுங்குவது? இடது பக்கம் காய வைத்த நெல், அதற்கப்பால் வாய்க்கால். நெல்லில் ஏறியதும் சக்கரம் வழுக்கிவிட்டது. பஸ் நிற்கவே இல்லை.

மாமா, 8.36
முப்பது வருடம் பஸ் ஓட்டியவன் சொல்கிறேன், டைமிங் நெருக்கடி எனக்கும் தெரியும். ஆனால் வளைவிலும் பாலத்திலும் முந்தக் கூடாது. 60-ல் போகும் வண்டி ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். எதிரே வருபவனும் அதே வேகம் என்றால் 33 மீட்டர். ஒரு தடவை கண் சிமிட்டி நிமிர்வதற்குள் முகத்துக்கு முன்னால் நிற்பான்.

சித்தி, 8.40
அக்காவைத் தூக்கிவிட்டது யார்?

தம்பி, 8.42
வைக்கோல் கட்ட வந்த ஆட்கள். ஆட்டோ பிடித்துக் கொடுத்ததும் அவர்கள்தான். பேர் கேட்டேன், சொல்லவில்லை. போலீஸ், சாட்சி என்று அலைய வைப்பார்களோ என்று பயப்பட்டார்கள்.

சித்தி, 8.46
அவர்களைப் பார்த்தால் பயம் வேண்டாம் என்று சொல். உதவி செய்தவரைப் பேர் சொல்லக்கூடக் கட்டாயப்படுத்த முடியாது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோதே சேர்த்துவிட்டார்கள். அப்புறம், 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் உண்டு. எங்கள் ஆஸ்பத்திரி வார்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியவில்லை, பணத்தைப் புரட்டிக்கொண்டு வரலாம் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பெரியப்பா, 9.05
நெல் விஷயம் எனக்கு உறுத்துகிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் எடுக்கமாட்டேன் என்கிறார்கள். களம் போதவில்லை, ரோட்டில் கொட்டுகிறோம். நம் நெல்லும் இப்போது திருப்பத்தில்தான் கிடக்கிறது. இரவோடு இரவாக அள்ளிவிடுகிறேன். நம் டிரெய்லரிலும் பின்னால் விளக்கு இல்லை. நாளைக்கே சிவப்பு ஸ்டிக்கர் வாங்கி ஒட்ட வேண்டும்.

நான், 9.07
ஒட்டிவிடுங்கள் பெரியப்பா. இருட்டில் டிரெய்லர் கண்ணுக்கே தெரிவதில்லை.

அண்ணன் (சென்னை), 9.20
இப்போதுதான் பார்த்தேன். அம்மா, வலி எப்படி இருக்கிறது? காலையில் காரில் கிளம்புகிறேன். ஐந்து மணி நேரத்தில் வந்துவிடுவேன்.

மாமா, 9.22
ஐந்து மணி நேரம் என்று கணக்குப் போட்டு ஓட்டாதே மாப்பிள்ளை. பத்து கிலோமீட்டரை 60-ல் வந்தால் பத்து நிமிடம், 80-ல் வந்தால் ஏழரை. இரண்டரை நிமிடத்துக்காகவா இவ்வளவும்?

அண்ணன், 9.30
சரி மாமா. மறைக்காமல் சொல்கிறேன், பொங்கலுக்கு வந்தபோது அந்தக் கேட்டில் நானும் வலது பக்கம் ஏறிப் போய்த்தான் நின்றேன். முன்னால் இருந்தவன் போனான், நானும் போனேன். யாரோ ஒருவர் ஆட்டோவில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்று அன்று தோன்றவே இல்லை.

அம்மா, 9.41
(குரல் பதிவு, 0.19)

நான், 9.43
சித்தி ஆஸ்பத்திரி டியூட்டியில் இருக்கிறாள், குரல் பதிவைக் கேட்க முடியாது. அம்மா சொல்வது இதுதான்: வலி குறைந்திருக்கிறது. தம்பியைத் திட்ட வேண்டாம். அண்ணன் மெதுவாக வரட்டும், வரும்போது போன் பேச வேண்டாம்.

ஞாயிறு

அண்ணன், பகல் 1.25
நீடாமங்கலம் வந்துவிட்டேன். கேட் மூடியிருக்கிறது. இடது வரிசையில் நிற்கிறேன், முன்னால் பதினொரு வண்டி. பின்னால் ஒருவன் விடாமல் ஹாரன் அடிக்கிறான்.

அம்மா, 1.27
(குரல் பதிவு, 0.06)

நான், 1.28
"அடிக்கட்டும், நீ நில்லுப்பா. உனக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் எல்லோரும் சாப்பிடுகிறோம்."