‘சிவப்பு பலூன்’ எடுத்த தெருக்கள்ல இப்போ எது மிச்சம்?

ராயபுரம் ரீல்: வியாசர்பாடிப் பிள்ளைகளுக்கு ஆல்பர் லமோரிஸோட பிரெஞ்சுப் படம் ‘சிவப்பு பலூன்’ (1956) போடுறோம். எங்க குழுவுல ஒருத்தர் பாரிஸ் போறார். அவருக்கு ஒரு காலைப்பொழுதுதான் கிடைக்கும். படத்துல வர்ற இடங்களை அன்று, இன்றுன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டணும். பையன் பலூனைக் கண்டெடுக்குற படிக்கட்டு எங்கே? படத்துல வர்ற தெருன்னு மேப்ல ‘ரூ விலின்’ (ரூன்னா தெரு) தேடினா குட்டித் தெருதான் வருது.

தண்டையார்பேட்டை கேமரா: தம்பி, அந்தப் படிக்கட்டு பஸாஜ் ஜூலியன் லக்ருவாங்கிற சந்துல இருந்தது. இப்போ இல்ல. ரூ விலின் உச்சியில ‘ஒய்’ மாதிரி பிரியுற படியும் போச்சு. அந்தச் சரிவையே இடிச்சுட்டாங்க. 1988-ல அங்க பார்க் த பெல்வில்ங்கிற பூங்காவைத் திறந்தாங்க. மேப்ல நீங்க பாக்குறது இடிபடாத அடித்துண்டு. பூங்காவோட புதுப் படியைப் படம் எடுத்து ‘இதுதான் அது’ன்னு நிறைய பேர் போடுறாங்க, நம்பாதீங்க.

மிச்சம் இருக்குறது: பையனோட வீடு, 15 ரூ டு திரான்ஸ்வால். நோத்ர தாம் த லா க்ருவா தேவாலயம். ரூ தே பிரெனே, ரூ த மெனில்மோந்தான் சந்திக்கிற முனையில பஸ் ஸ்டாப்.

கம்பெத்தா மெட்ரோவுல இறங்கி ரூ தே பிரெனே வழியா அந்த முனைக்குப் போகச் சொல்லுங்க. அப்புறம் திரான்ஸ்வால், பூங்கா உச்சி, கீழே தேவாலயம். மெனில்மோந்தான் மெட்ரோவுல முடிச்சுக்கலாம். எதிர்த்திசையில போனா மேடு ஏறியே கால் போயிடும்.

கொருக்குப்பேட்டை: காலையிலயே உச்சிக்குப் போயிடணும். அங்கிருந்து நகரம் மேற்கே விரியும், மத்தியானத்துக்கு மேல வெயில் லென்ஸுக்குள்ள அடிக்கும். மேகமூட்டமா இருந்தா இன்னும் நல்லது. படத்துல சிவப்பு அப்படிப் பளிச்சுனு தெரியுறதுக்கு சுத்தி இருக்குற சாம்பல் நிறம்தான் காரணம்.

ராயபுரம் ரீல்: ரொம்ப நன்றிண்ணே. அதே கோணம் எப்படிப் பிடிக்கிறது?

தண்டையார்பேட்டை கேமரா: முதல்ல நிக்கிற இடம், ஜூம் அப்புறம். படத்தை நிறுத்தி ஒரு ஃப்ரேம் எடுத்துக்கோங்க. அதுல கிட்ட ஒரு விளிம்பு, தூரத்துல ஒரு விளிம்பு குறிங்க. ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி ஃப்ரேம்ல இருக்குறதைவிட அதிகமாவோ கம்மியாவோ தெரிஞ்சா இடமோ வலமோ நகரணும். தப்பான இடத்துல நின்னுட்டு எவ்வளவு ஜூம் பண்ணாலும் அது சரியாகாது. போனோட 1x ரொம்ப அகலம், கட்டடம் பின்னால ஓடிப்போகும். அதனால 2x வெச்சு, பின்னால தள்ளி நிக்கணும். விகிதம் 4:3.

போறதுக்கு முன்னாடி இங்கயே பழகிக்கட்டும். 1856-ல திறந்த ராயபுரம் ஸ்டேஷனோட பழைய போட்டோ ஒண்ணு எடுத்துட்டு, முகப்புத் தூணுக்கும் பின்சுவருக்கும் நடுவுல இடைவெளியைப் பொருத்திப் பாக்கச் சொல்லுங்க.

காணாமப்போன படிக்கு, பிரான்ஸ் நிலப்பட நிறுவனம் ஐஜிஎன் நடத்துற ‘ரெமோந்தே லெ தான்’ தளத்துல 1950–65 விமானப் படம் இருக்கு. இன்றைய படத்தோட சேர்த்து ரெண்டையும் ஸ்லைடுல போடுங்க. பழைய படத்துல ரூ விலின் வளைஞ்சு வளைஞ்சு மேலேறுறது தெளிவா தெரியும், இப்போ அங்க மரங்கள்தான்.