மாடி அறையில் இருக்கும் மரச்சட்டம்

குழு: தாத்தா வீடு, கோவில்பட்டி

செந்தில்: ஞாயிறு அப்பாவின் பதினாறாம் நாள் காரியம். வெளியூர்க்காரர்கள் படுப்பதற்காக மாடி அறையை ஒழிக்கிறேன். பழைய இரும்புக்காரர் நாளைக் காலை 8 மணிக்கு வருகிறார். அப்பாவின் பொருளில் யாருக்காவது ஏதாவது வேண்டுமென்றால் இன்றிரவே சொல்லுங்கள்.

செந்தில்: [புகைப்படம்]

முருகேசன் சித்தப்பா: பெருக்கல் குறி மாதிரி நிற்கிறதே, அது என்ன?

வள்ளி அத்தை: ராட்டினமா?

செந்தில்: அப்பா செய்த ஏரியல். செம்புக் கம்பிக்குத் தனி விலை தருகிறாராம்.

கயல்: அண்ணா, அதை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

கயல்: அது லூப் ஆன்டெனா, கம்பியை வளையமாகச் சுற்றிச் செய்யும் ரேடியோ ஏரியல். 2009 மே விடுமுறையில் பெரியப்பாவும் நானும் செய்தது. பழைய கட்டில் சட்டம் இரண்டைக் குறுக்காக வைத்து ஆணி அடித்தோம். நான்கு முனையிலும் மர ஸ்கேல் துண்டுகள். கம்பி உட்கார, ரம்பத்தால் 7 மில்லிமீட்டருக்கு ஒரு பல் கீறினார். பக்கம் 60 சென்டிமீட்டர், 12 சுற்று, மொத்தம் 29 மீட்டர் எனாமல் கம்பி, மோட்டார் காயில் கட்டும் கடையில் வாங்கியது. நான் சட்டத்தைத் திருப்ப, அவர் கம்பியை விறைப்பாக விட்டுக்கொண்டே வந்தார். ஒன்பதாவது சுற்றில் என் கை தளர்ந்துவிட்டது. ஒரு வார்த்தை திட்டவில்லை. எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து சுற்றினார்.

செந்தில்: அறை வேண்டுமே கயல்.

பெரியம்மா: சாப்பிட்டாயா கயல்?

கயல்: இனிமேல்தான் பெரியம்மா.

கயல்: கம்பியின் இரண்டு முனையையும் கேங் கண்டென்சரில், அதாவது ரேடியோவில் நிலையம் மாற்றத் திருப்பும் பாகத்தில், பற்றவைத்துவிட்டால் வேலை முடிந்தது. மின்சாரம் வேண்டாம், ரேடியோவுக்கு வயரும் வேண்டாம். ரேடியோவுக்குள் அலையைப் பிடிக்கும் ஒரு ஃபெரைட் குச்சி இருக்கும். அது சட்டத்துக்குள் நுழைந்து மறுபக்கம் நீட்டுவதுபோல ரேடியோவை வைத்து, கேங்கை மெல்லத் திருப்ப வேண்டும். வெறும் இரைச்சலாக இருந்த 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை நிலையம் திடீரென்று எழும்பி வரும். 500 கிலோமீட்டர்!

முருகேசன் சித்தப்பா: இப்போது வானொலியெல்லாம் போனிலேயே வருகிறதே.

கயல்: வருகிறது சித்தப்பா, பெரியப்பாவுக்கு அது போதவில்லை. பகலில் மேலே வானத்தில் ஓர் அடுக்கு மத்திய அலையை, அதாவது மீடியம் வேவை, விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடும். அலை இன்னும் உயரத்தில் பட்டுத் திரும்பி எங்கோ தொலைவில் வந்து இறங்கும். அதற்காகத்தான் 8 மணிக்கு மேல் மாடிக்குப் போவார்.

பெரியம்மா: சோறு ஆறிப்போகும்.

வள்ளி அத்தை: அந்த கேங் ஏது? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் அப்பாவின் மர்பி ரேடியோவில் இருந்தது மாதிரி இருக்கிறது.

கயல்: அதேதான் அத்தை. பெட்டியைக் கரையான் அரித்துவிட்டது, வால்வுகளும் போய்விட்டன. கேங் மட்டும் பழுதில்லாமல் இருந்தது.

வள்ளி அத்தை: பாகப்பிரிவினையில் நான் கேட்டது அந்த ரேடியோ ஒன்றைத்தான். அண்ணன் பதிலே சொல்லவில்லை. விற்றுவிட்டார் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

முருகேசன் சித்தப்பா: அக்கா, இப்போது எதற்கு அது?

வள்ளி அத்தை: நான் ஒன்றும் சொல்லவில்லை.

பெரியம்மா: விற்கவில்லை வள்ளி. கரையான் அரித்ததை உன்னிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

செந்தில்: சமையலுக்கு 150 இலை சொல்லியிருக்கிறேன். போதுமா?

முருகேசன் சித்தப்பா: சங்கரன்கோவிலிலிருந்து ஒரு வேன் வரும். 180 சொல்.

செந்தில்: போன முறையும் வேன் என்றீர்கள். நான்கு பேர் வந்தார்கள்.

செந்தில்: கயல், கம்பி அறுந்திருக்கிறது. அணில் கடித்திருக்கும் போல.

கயல்: எத்தனை சுற்று?

செந்தில்: மூன்று.

கயல்: மூன்றுதானே. வெள்ளிக்கிழமை கம்பி வாங்கி வருகிறேன். எனாமலைச் சுரண்டிப் பற்றவைத்தால் போதும். சனி இரவு வைத்துக் கேட்கலாம். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் இரைந்தாலும் கவலையில்லை. சட்டத்தின் விளிம்பு எந்தத் திசையைப் பார்க்கிறதோ அங்கிருந்து வருவது நன்றாகக் கேட்கும். முகம் பார்க்கும் திசை அடங்கிவிடும். பெரியப்பா சட்டத்தின் முகத்தை அந்த வீட்டுப் பக்கச் சுவருக்குத் திருப்பிவிடுவார்.

முருகேசன் சித்தப்பா: விசேஷத்துக்கு முந்தின இரவு வீட்டில் ரேடியோவா? நாலு பேர் என்ன சொல்வார்கள்?

பெரியம்மா: சொல்லட்டும்.

செந்தில்: கேங் குமிழுக்குப் பின்னால் ஓர் அட்டை. பென்சிலில் 720 சென்னை, 936 திருச்சி, 1053 தூத்துக்குடி. நடுவில் ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி.

கயல்: சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவிலா?

செந்தில்: ஆமாம்.

கயல்: அது அப்போதே போட்டது. ஒரு குரல் மங்கலாக வரும், நிலையத்தின் பெயரைச் சொல்வதற்குள் தேய்ந்துவிடும். இலங்கை என்றுதான் எழுதுங்களேன் என்று கெஞ்சினேன். பெயரைக் காதால் கேட்காமல் எழுதக் கூடாது என்றுவிட்டார்.

வள்ளி அத்தை: செந்தில், அதைப் போட்டுவிடாதே. எனக்கு வேண்டும் என்று கேட்கவில்லை, அந்த கேங்கை ஒருமுறை கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

பெரியம்மா: நீயே கொண்டுபோ வள்ளி.

கயல்: பெரியம்மா, கேங் இல்லாமல் அது வேலை செய்யாதே.

செந்தில்: இப்போதைக்குச் சட்டத்தைக் கிணற்றடி அறையில் வைத்துவிட்டேன். சமையல்காரர் லைனில் இருக்கிறார். 150ஆ, 180ஆ?